பல்கலைக்கழக மாணவரும் ஆங்கிலமும்: மின்னிலக்க எழுத்தறிவு பற்றி ஓர் ஆய்வு

பல்கலைக்கழகம் புகுந்த பின்னரும் நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் தடுமாறுவது ஏன் என்று பெற்றோர் சிலர் நம்மிடம் கேட்டிருக்கின்றனர். “கைபேசி இருக்கிறது, மடிக்கணினி இருக்கிறது, வீட்டில் இணையமும் இருக்கிறது, இன்னும் என்ன குறை?” என்பது அவர்களுடைய கேள்வி. கேள்வி நியாயமானதே. கருவி வீட்டுக்கு வந்துவிட்டது, அதைப் படிப்புக்குப் பயன்படுத்தும் எழுத்தறிவு கூடவே வரவில்லை என்பது நம் விடை. அவ்விடையை வாசகர்கள் முன் சற்று விரித்து வைக்க விரும்புகிறோம்.

முதலில் பழங்கதை கொஞ்சம். மலேசியாவில் ஆங்கிலப் பள்ளிகளின் முதல் வகுப்பு 1970ஆம் ஆண்டில் தேசிய மொழிக்கு மாறிற்று. அம்மாற்றம் ஆண்டுக்கு ஒரு வகுப்பாக ஏறி, 1980களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகத்தை எட்டியது. ஆயினும் நூலகத்து அலமாரியில் இருந்த அறிவியல் நூல்களும் ஆராய்ச்சி இதழ்களும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே இருந்தன. இன்றும் அப்படித்தான் இருக்கின்றன. கணிதமும் அறிவியலும் 2003ஆம் ஆண்டில் பள்ளிகளில் ஆங்கிலத்துக்கு மாறின. 2012 முதல் அவை படிப்படியாகத் திரும்பின. பல்கலைக்கழகம் புகுவோருக்கென ‘மூவெட்’ என்னும் ஆங்கிலத் தேர்வு 1999 முதல் நடக்கிறது. கேட்டல், பேசல், வாசித்தல், எழுதல் என நான்கு தாள்கள். 2021இல் வந்த புதிய அமைப்பில் நான்குக்கும் சம மதிப்பு தரப்பட்டது. எழுத்துத் தாளில் மின்னஞ்சல் அல்லது கடிதத்துக்குப் பதில் எழுதும் கேள்வியும் இடம் பெற்றது. தேர்வு நடத்துவோரே மின்னஞ்சல் எழுதுவதை ஆங்கில அறிவின் ஒரு பகுதியாக ஏற்றுக்கொண்டனர் என்பதை இங்குக் குறித்துக்கொள்வோம்.

இனி, நாம் கண்ட ஒன்றைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம், கல்லூரியும் வேண்டாம். சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் ஒருவருடைய மகள். தமிழ்ப் பள்ளியில் தொடங்கி, தேசிய இடைநிலைப் பள்ளியில் படித்து, உணவு அறிவியல் பயிலப் போன பெண். முதலாண்டில் ஓர் அறிக்கை எழுதிக் கொடுத்தாள். பிழை ஒன்றுகூட இல்லை. அடுத்த வாரம் அதே அறிக்கையை வகுப்பின் முன் நின்று பேச வேண்டியிருந்தது. விரிவுரையாளர் கேட்டது ஒரே கேள்விதான்: “மிட்டிகேட் என்று எழுதியிருக்கிறாயே, எதை, எப்படி?” அவள் நின்றாள். பதில் வரவில்லை. மசாலாத் தூளில் ஈரம் எப்படிச் சேர்கிறது, அதை எப்படிக் குறைப்பது என்பதெல்லாம் அவளுக்கு நன்றாகத் தெரியும். கடையில் பார்த்து வளர்ந்தவள்தானே! ஆனால் அறிக்கையை மலாயில் எழுதி மொழிபெயர்ப்புக் கருவியிடம் கொடுத்து, அது தந்ததை அப்படியே எடுத்து வைத்திருந்தாள். ‘குறைத்தல்’ என்று அவள் நினைத்த இடத்தில் கருவி போட்ட சொல் அது. அச்சொல் அவள் கண்ணில் பட்டிருந்தது, அவ்வளவே, நாவில் ஏறவில்லை.

அன்று மாலை வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, படிப்பை விட்டுவிடுவதாக அழுதிருக்கிறாள். தந்தையார் மறுநாள் நம்மிடம் வந்தார். “தம்பி, கம்ப்யூட்டருக்கு மூவாயிரம் வெள்ளி கொடுத்தேன். இப்ப பிள்ளை, ‘அத்தா, நான் கடைக்கே வந்துடுறேன்’னு சொல்லுது. நான் என்ன செய்யட்டும்?” என்றார். நம் சங்கத்தின் சனிக்கிழமை ஆங்கில வகுப்பு இந்தக் கேள்வியிலிருந்துதான் தொடங்கிற்று. அப்பெண் படிப்பை விடவில்லை என்பதை மட்டும் இங்கே சொல்லி வைத்து, விஷயத்துக்கு வருவோம்.

மின்னிலக்க எழுத்தறிவு என்பது யாது? இத்தொடரைப் பரவலாக்கியவர் பால் கில்ஸ்டர் என்னும் அமெரிக்கர். 1997இல் இதே பெயரில் ஒரு நூல் எழுதினார். விசைகளைத் தட்டும் வேகத்தை அவர் பெரிதாகக் கருதவில்லை. திரையில் கிடைத்ததைப் புரிந்துகொள்ளவும், எடைபோடவும், தன் வேலைக்குத் தக்கபடி பயன்படுத்தவும் வல்ல அறிவையே அப்பெயரால் குறித்தார். நம் பிள்ளைகளில் பலர் முதல் வகையில் வல்லவர்கள். ஒரு நிமிடத்தில் படம் எடுத்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து, நூறு பேருக்கு அனுப்பிவிடுவார்கள். அதே பிள்ளையிடம் ஓர் ஆங்கிலச் சொல்லைக் கொடுத்து, “இது வாக்கியத்தில் எப்படி வரும், பார்த்துச் சொல்” என்றால் கை நின்றுவிடுகிறது.

கலப்புக் கற்றல் என்பது மற்றொரு தொடர். மலாயில் ‘பெம்பெலாஜாரான் தெராடுன்’ என்பர். வகுப்பறையில் நேரில் நடக்கும் பாடமும், வீட்டிலிருந்து இணைய வழியாக நடக்கும் பாடமும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும்படி அமைப்பது இது. பெயர் புதிதாயினும் கருத்து நம் நாட்டுக்குப் புதிதன்று. 1969இல் பினாங்கில் தோன்றிய மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம், வேலை பார்த்துக்கொண்டே படிப்போருக்காக 1971ஆம் ஆண்டிலேயே தொலைக்கல்வியைத் தொடங்கிற்று. பாடக் குறிப்புகள் வீட்டுக்கு வரும். நேர்முக வகுப்புக்கு மாணவர் வளாகத்துக்கு வருவர். அஞ்சல் உறை செய்த வேலையை இன்று இணையதளம் செய்கிறது. மலேசியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் பாடங்களை ஏற்றி வைக்கும் தளம் ‘மூடில்’ என்னும் மென்பொருளால் ஆனது. அதனை 2002இல் வெளியிட்ட மார்ட்டின் டூகியாமஸ், மேற்கு ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வளர்ந்தவர்; அருகில் பள்ளி இல்லாமையால் சிறுவயதில் வானொலி வழியாகப் பாடம் கேட்டவர். தூரத்திலிருந்து படிப்பதன் துன்பம் தெரிந்தவர் செய்த கருவி என்பதால் இதனை ஈண்டுச் சொன்னோம்.

இம்முறையால் பயன் உண்டா என்றால், உண்டு என்பதற்குச் சான்று இருக்கிறது. அமெரிக்கக் கல்வித் துறை 2009இல் முன்னைய ஆய்வுகள் பலவற்றைத் தொகுத்து ஓர் அறிக்கை வெளியிட்டது. நேர்முகமாக மட்டும் கற்றோரைவிடக் கலப்பு முறையில் கற்றோர் சற்று மேலாகச் செய்தனர் என்று அது கண்டது. ஆனால் அதே அறிக்கை ஓர் எச்சரிக்கையும் தந்தது: கலப்பு முறையில் பயின்றோர் பல இடங்களில் கூடுதல் நேரமும் கூடுதல் பாடப்பொருளும் பெற்றிருந்தனர், ஆகவே மேன்மை முழுவதையும் கருவியின் கணக்கில் எழுதிவிடலாகாது. முன்பாதியை மட்டும் சொல்லிப் பொருள் விற்போர் உண்டு. வாசகர்கள் பின்பாதியையும் நினைவில் வைக்க வேண்டுகிறோம்.

நாம் செய்த முதற் பிழையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். வகுப்பு தொடங்கிய முதல் மாதத்தில் ஆர்வ மிகுதியால் ஆங்கில இலக்கணப் படப்பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாக வாட்சாப்பில் அனுப்பினோம். சனிக்கிழமை வந்து, “பார்த்தீர்களா?” என்று கேட்டால் எல்லாரும் தலையை ஆட்டினர். உண்மையில் பார்த்தவர் இருவரே. ஒரு தம்பி மட்டும் துணிந்து, “நானா, விடுதியில் லைன் கிடைக்காது. என் டேட்டா பத்தாம் தேதிக்கே முடிந்துபோகும்” என்றார். 2020ஆம் ஆண்டு மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்த பிறகு, சபாவில் ஒரு மாணவி தேர்வு எழுதுவதற்காக மரத்தின் மேல் ஏறி இணையத் தொடர்பு தேடிய செய்தியை நாடே பார்த்தது. அதைப் பார்த்து வருந்திய நாமே நம் மாணவரிடம் டேட்டா உண்டா என்று கேட்காமல் படம் அனுப்பினோம்!

அதன்பின் கணக்குப் போட்டுப் பார்த்தோம். 64 கிலோபிட் வேகத்தில் பதிவு செய்த ஒலி, ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 29 மெகாபைட் ஆகும். ஆறு நிமிடத்துக்கு மூன்று மெகாபைட்கூட ஆகாது. ஆங்கிலம் கேட்டுப் பழகப் பேசுவோர் முகம் பெரும்பாலும் தேவையில்லை. ஆகவே படத்தை விட்டு ஒலிக்கு வந்தோம். இப்பொழுது வாரம் நடக்கும் முறை வருமாறு:

திங்கட்கிழமை ஆறு நிமிட ஒலிப்பதிவு ஒன்று போகும். எழுத்து வடிவம் கூடப் போகாது. மாணவர் மூன்று முறை கேட்க வேண்டும். முதன்முறை சும்மா கேட்பது. இரண்டாம் முறை கேட்ட கருத்தைத் தமிழிலோ மலாயிலோ மூன்று வரி எழுதுவது. மூன்றாம் முறை, விளங்காத இடத்தின் நிமிடக் கணக்கைக் குறிப்பது. புதன்கிழமைதான் எழுத்து வடிவம் போகும். கேட்டதையும் கண்டதையும் அவர்கள் ஒப்பிடுவார்கள். வியாழனுக்குள் ஐந்து சிறு கேள்விகளுக்கு இணையத்தில் விடை அளிப்பார்கள். கருவியே திருத்திவிடும்.

வியாழன் இரவு நாம் அவ்விடைகளை உட்கார்ந்து பார்க்கிறோம். இவ்வேலைதான் இம்முறையின் உயிர் என்று கருதுகிறோம். பத்துப் பேரில் எட்டுப் பேர் நான்காம் கேள்வியில் தவறினால், சனிக்கிழமை அந்த இடத்தைத்தான் நடத்துவோம். எல்லாரும் சரியாகச் செய்ததைப் பற்றி வகுப்பில் ஒரு வார்த்தை பேசுவதில்லை. இவ்வாறு மிச்சமாகும் நேரம் முழுவதும் பேச்சுக்கே. மேடையும் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. இருவர் இருவராக உட்கார்ந்து, அந்த வாரப் பொருள் பற்றி ஒருவர் கேட்க மற்றவர் சொல்லவேண்டும். வீட்டில் செய்யக்கூடியதை வகுப்பில் செய்து, வகுப்பில் மட்டுமே செய்யக்கூடிய பேச்சை வீட்டுப்பாடமாகக் கொடுத்துவந்த பழைய தவறு இதனால் நீங்கிற்று.

இனி அகராதிக்கு வருவோம். ஆங்கிலம் கற்போருக்கென்றே அகராதி செய்தவர் ஏ. எஸ். ஹார்ன்பி. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த இவ்வாசிரியர் தம் தோழர் இருவருடன் தொகுத்த அகராதி 1942இல் தோக்கியோவில் வெளிவந்தது. 1948இல் ஆக்ஸ்ஃபோர்டு அதனை ஏற்று வெளியிட்டது. சொல்லின் பொருளோடு, அச்சொல் வாக்கியத்தில் எவ்வமைப்பில் நிற்கும் என்பதையும் காட்டியது இதன் சிறப்பு. அதன் வழிவந்த அகராதி இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது, ஒலிப்பும் கேட்கலாம். இருந்தும் நம் மாணவர் தேடுவது ஒரு சொல்லுக்கு ஒரு சொல் தரும் மொழிபெயர்ப்பைத்தான்.

ஓர் எடுத்துக்காட்டு. நம் மாணவர் அனைவரும் ‘டிஸ்கஸ் அபௌட்’ என்று எழுதுகின்றனர். ஏனெனில் தமிழில் ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்கிறோம். மலாயிலும் ‘பெர்பின்சாங் தெந்தாங்’ என்கிறோம். இரண்டு மொழிகளும் ஒரே குழியில் தள்ளுகின்றன! ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ என்னும் வினைக்குப் பின் ‘அபௌட்’ வராது. செய்தி நேரே வரும். ‘டிஸ்கஷன்’ என்று பெயர்ச்சொல் ஆகும்போதுதான் ‘அபௌட்’ வரலாம். இதை நாம் பத்து முறை சொன்னோம், பதினோராம் முறையும் பிழை வந்தது. ஆகவே சொல்வதை நிறுத்தி, அவர்களையே பார்க்கச் செய்தோம்.

எங்கே பார்ப்பது? அமெரிக்க ஆங்கிலத்துக்கு ‘கோக்கா’ என்னும் சொற்களஞ்சியம் இருக்கிறது. பேராசிரியர் மார்க் டேவிஸ் தொகுத்து 2008இல் இணையத்தில் வைத்தது. இன்று நூறு கோடிச் சொற்களுக்கு மேல் கொண்டது. நாளிதழ், கதை, ஆராய்ச்சிக் கட்டுரை, பேச்சு ஆகியவற்றில் உண்மையில் எழுதியதும் பேசியதும் அதில் உள்ளன. இலவசமாகப் பதிந்துகொண்டு ஒரு சொல்லைத் தேடினால், அச்சொல் வந்த வரிகள் ஒன்றன்கீழ் ஒன்றாக, சொல் நடுவில் நிற்கும்படி திரையில் இறங்கும். ‘டிஸ்கஸ்’ என்று தட்டினார்கள். வலப்பக்கம் வரிசையாக ‘தி’, ‘ஹௌ’, ‘வெதர்’, ‘வித்’ என்று நின்றன. ஒரு தங்கை, “அபௌட் எங்கே காணோம்?” என்று தானாகவே கேட்டாள். அவள் கேட்ட அந்தக் கேள்விக்காக நாம் பல வாரம் காத்திருந்தோம்.

உச்சரிப்பிலும் இவ்வாறே. ‘ரெக்கார்ட்’ என்பது பெயர்ச்சொல்லாயின் முதல் அசையில் அழுத்தம்; வினையாயின் இரண்டாம் அசையில். தமிழ் பேசும் நாவும் மலாய் பேசும் நாவும் எல்லா அசைகளையும் ஏறத்தாழ ஒரே எடையில் சொல்லிப் பழகியவை. அகராதியின் ஒலியைக் கேட்டு, கைபேசியில் தம் குரலைப் பதிந்து, இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு காதில் விழும். தம் குரலைத் தாமே கேட்க முதலில் அனைவரும் கூசுவர். இரண்டு வாரத்தில் அது போய்விடும்.

அடுத்து, திரையில் கண்டதை நம்பலாமா என்னும் விஷயம். பல்கலைக்கழகக் கட்டுரைக்கு ஆதாரம் தேட வேண்டுமே! அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மக்ரூவும் 2017இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். வரலாற்று அறிஞர் 10 பேர், செய்தியின் உண்மையைச் சோதிக்கும் தொழிலினர் 10 பேர், மாணவர் 25 பேர் ஆகியோரிடம் சில இணையப் பக்கங்களைக் கொடுத்து, அவை நம்பத் தக்கனவா என்று கேட்டனர். அறிஞரும் மாணவரும் பக்கத்தை மேலிருந்து கீழாகக் கவனமாக வாசித்து, அழகிய முத்திரையையும் ஒழுங்கான நடையையும் கண்டு ஏமாந்தவர் பலர். சோதிக்கும் தொழிலினரோ சிறிது பார்த்ததும் அப்பக்கத்தை விட்டு வெளியேறி, அதை நடத்துவோர் யார் என்று வேறு இடங்களில் தேடினர்; விரைவில் உண்மையைக் கண்டனர். பக்கவாட்டில் வாசித்தல் என்று இதற்குப் பெயர். ஆங்கிலப் பாடத்துக்கும் இது நல்ல பயிற்சி: ஒரு நிறுவனத்தைப் பற்றி மூன்று இடங்களில் வாசிக்கும் மாணவர், ஒரே பொருளை மூன்று வகை ஆங்கிலத்தில் வாசித்துவிடுகிறார்.

மின்னஞ்சல் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. விரிவுரையாளருக்கு எழுதும்போது பொருள் வரியைக் காலியாக விடலாகாது. ‘டாக்டர்’ என்றோ ‘பேராசிரியர்’ என்றோ அவருக்குரிய பட்டத்தைச் சரியாகப் போட வேண்டும். தம் பெயரும் பதிவு எண்ணும் பாடப் பெயரும் இருக்க வேண்டும். வாட்சாப்பில் எழுதுவதைப் போல ‘ஹாய் மிஸ்’ என்று தொடங்கும் பிள்ளைகளை நாம் கண்டிருக்கிறோம். மரியாதைக் குறைவான பிள்ளைகள் அல்லர். இதை யாரும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை.

2022 நவம்பரில் வெளிவந்த ‘சாட்ஜிபிடி’ போன்ற கருவிகளைப் பற்றிக் கேட்காத பெற்றோர் இல்லை. தடுக்கச் சொல்வாரும் உண்டு; தடுப்பது நடவாது. எழுதச் சொல்லிக் கேட்பதற்கும் எழுதியதைக் காட்டிக் கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டையே நாம் கற்பிக்கிறோம். மாணவர் தம் பத்தியைத் தாமே எழுத வேண்டும், எவ்வளவு பிழையானாலும் சரி. பிறகு கருவியிடம், “திருத்தாதே, பிழை உள்ள வரிகளை மட்டும் காட்டு” என்று கேட்கலாம். காட்டிய வரியை அகராதியையும் சொற்களஞ்சியத்தையும் கொண்டு தாமே திருத்தலாம். அது சொன்ன பிழை சில வேளை பிழையே அன்று என்பதும் அப்போது தெரியவரும். ஆதாரம் மட்டும் அதனிடம் கேட்கலாகாது. 2023இல் நியூயார்க்கில் வழக்கறிஞர் இருவர், இக்கருவி கற்பனையாக உண்டாக்கிய தீர்ப்புகளை நீதிமன்றத்தில் காட்டி, 5,000 டாலர் அபராதத்துக்கு ஆளாயினர். படித்த வழக்கறிஞருக்கே இந்தக் கதி! பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம், பாடத்துக்குப் பாடம் விதிகள் வேறாதலின், எவ்வளவு அனுமதி என்பதை விரிவுரையாளரிடமே முன்கூட்டிக் கேட்டுக்கொள்வது நல்லது.

வரைவை ஒழுங்காக வைக்கவும் சொல்கிறோம். கூட்டாக எழுதும் இணைய ஏட்டில், முன் எழுதிய வடிவங்கள் யாவும் தேதியோடு தங்கியிருக்கும். இருவர் ஒருவர் எழுத்தை மற்றவர் பார்த்துக் குறிப்பு எழுதுவார்கள். நாம் பிழையைத் திருத்துவதில்லை. வரியின் ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுவோம். மேலே சொன்ன பெண், தன் இரண்டாம் அறிக்கையை இவ்வாறு ஏழு வரைவுகளாக எழுதினாள். முதற் கட்டுரையைவிட ஆங்கிலம் எளிமையாக இருந்தது. பிழைகளும் சில இருந்தன. ‘மிட்டிகேட்’ இருந்த இடத்தில் ‘ரெட்யூஸ்’ இருந்தது. அது எதை, எப்படி என்று இம்முறை கேட்டபோது, தன் தந்தையார் கடையில் தூளை எப்படி வறுத்து ஆறவைத்து மூடுவார் என்பதையே ஆங்கிலத்தில் சொன்னாளாம். மதிப்பெண் முன்னையதைவிட மிக அதிகம் என்று சொல்ல முடியாது. தந்தையார் அதைக் கேட்கவில்லை, “பேசினாளா?” என்று மட்டும் கேட்டார்.

இம்மாதப் பயிற்சியாக மூன்று தொடர்களைத் தருகிறோம்: ‘எம்ஃபசைஸ் ஆன்’, ‘ரிக்வெஸ்ட் ஃபார்’, ‘ரிடர்ன் பேக்’. ஒவ்வொன்றையும் முதலில் கற்போர் அகராதியிலும் பிறகு சொற்களஞ்சியத்திலும் தேடுக. வினையாக வரும்போது ஒரு விதமாகவும் பெயராக வரும்போது வேறு விதமாகவும் நிற்பவை எவை என்று பிரித்து எழுதுக. நீங்களே அமைத்த வாக்கியம் ஒவ்வொன்றுக்கும் ஒன்று போதும். விடைத் தாளோடு சனிக்கிழமை மாலை வகுப்புக்கு வரலாம். மடிக்கணினி இல்லாதவர் கைபேசியோடு வந்தால் போதும், மண்டபத்தில் இணையம் உண்டு.